பாட்டிலில் நான்கு

பாட்டிலில் நான்கு பாம்புகள் எப்படி வந்தன என்பதுதான் வீட்டுக்காரருக்குப் புரியவில்லை. ஒன்று மண்புழு அளவு. மற்ற மூன்றும் நூல் மாதிரி. நான்கும் அவர் வீட்டில் வாடகைக்கு இருக்கும் நர்ஸின் குளியலறையில் பிடிபட்டவை.

"பாம்புப் பண்ணை வைக்கவா வீடு விட்டேன்? இந்த வாரமே காலி பண்ணும்மா."

"ஆஸ்பத்திரி பக்கத்துல எனக்கு வேற வீடு கிடைக்காதுன்னு தெரிஞ்சும் ஏன் சார் ஆறு மாசமா இதையே சொல்றீங்க?"

பாம்பு பிடிப்பவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "இது புழுப்பாம்பு. கண்ணு வெறும் புள்ளி. விஷமே கிடையாது. எறும்பு முட்டை, கரையான் முட்டைதான் சாப்பாடு. வெளியே பூந்தொட்டி ஈர மண்ணுல இருந்து, பாத்ரூம் தண்ணி போற ஓட்டை வழியா வந்திருக்கு. பெரிசு தாய், மத்தது குட்டிங்க."

"ஜோடி இல்லாம குட்டி எப்படிய்யா வரும்?" என்று சீறினார் வீட்டுக்காரர்.

"இந்த இனத்துல ஆணே இல்ல சார். எல்லாம் பெண்ணுதான். ஒண்ணு இருந்தாலே முட்டை போட்டுப் பெருகிடும்."

"கதை விடாதே. அந்தத் தொட்டியில நான் விட்டது ஒண்ணே ஒண்ணுதான்."

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினார்.

நர்ஸ் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இனிமே வராம இருக்க என்ன செய்யணும்?" என்று பாம்பு பிடிப்பவரிடம் கேட்டாள்.

"தொட்டி மண்ணை வெயில்ல கொட்டிக் காய வைங்க. ஓட்டைக்கு நெருக்கமான கம்பி வலை அடிங்க. அது போதும் சிஸ்டர், வீடு மாற வேண்டாம்."