பதினேழாம் நம்பர் படகு

செயற்கைக்கோள் சிக்னல் குழம்ப ஆரம்பித்து நான்கு நாளாகிறது. கடலில் நிற்கும் படகை ஜிபிஎஸ் ஒரு நாள் விமான நிலையத்தில் காட்டும், மறுநாள் மலைமேல் காட்டும். படகோட்டி அதைச் சட்டை செய்யவில்லை. ஆனால் இன்று இன்ஜினும் நின்றுபோனது. இழுத்துப் போக யாராவது வர வேண்டும். துறைமுக அலுவலகத்தை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டான்.

"பதினேழாம் நம்பரா? நீங்கதான் மூணு மணிக்கே வந்தாச்சே. கையெழுத்துகூடப் போட்டிருக்கீங்க."

"நான் கடல்ல இருக்கேன் சார்!"

"திரையில பாத்தாலும் படகு கரையில நிக்குது, ஜன்னல்ல பாத்தாலும் நிக்குது. விளையாடாதீங்க."

கூட வந்த மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். "நாம வீட்டுக்கே போயிட்டோம்போல அத்தான். அக்காகிட்ட கேளுங்க."

வீட்டுக்குப் போன் செய்தான். எடுத்துப் பேசியது படகோட்டியின் சொந்தக் குரல்தான். "யாருங்க?"

இன்ஜின் நின்றுவிட்டது, அலுவலகம் ஆள் அனுப்ப மறுக்கிறது என்று மட்டும் சொன்னான்.

"அடப்பாவமே! அவங்க எப்பவும் அப்படித்தான். இருங்க, நானே வரேன்."

"நான் எங்க இருக்கேன்னு எனக்கே தெரியலையே."

"பரவாயில்ல, எனக்குத் தெரியும்."

ஒரு மணி நேரத்தில் பதினேழாம் நம்பர் படகு வந்து சேர்ந்தது. அந்தப் படகின் மச்சான் கயிற்றை வீசினான். இந்தப் படகின் மச்சான் சிரிக்காமல் பிடித்துக் கட்டினான்.

கரை தெரிந்ததும் முன்படகில் இருந்தவன் திரும்பி, மரியாதையாகக் கேட்டான்:

"உங்கள எங்க இறக்கிவிடணும்?"