மெகா ஓம் ரெசிஸ்டர்

"மெகா ஓம் ரெசிஸ்டர் எல்லாமே மீட்டர்ல கம்மியா காட்டுதுடி. சொத்தைச் சரக்கை நம்ம தலையில கட்டிட்டான்!"

"ரெண்டு கம்பியையும் விரலால பிடிச்சா, உங்க உடம்பு வழியாவும் கரண்ட் போயி கம்மியாத்தாங்க காட்டும்," என்றாள் மனைவி. பாகங்களைக் கோத்துச் செய்யும் இந்த ரேடியோ 'கிட்'டையாவது அவர் தானாக முடித்துவிட்டால், மறதிக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் சொல்ல ஒரு நல்ல செய்தி கிடைக்குமே என்று தவித்தாள்.

"உனக்கு யாரு சொன்னது?"

"இந்தக் கிட்டைத் தயாரிச்சவர்தான்."

"பெரிய மேதாவி! டப்பாவுல நம்பர் இருக்கு பாரு, போடு போனை. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்!"

அவள் தயங்கித் தயங்கி எண்களை அழுத்தினாள்.

கணவரின் சட்டைப்பையில் போன் அடித்தது.

அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "எடுக்க மாட்டான்டி. ஏமாத்தி வித்தவன் எங்க எடுக்கப் போறான்?" என்றார்.