முள்ளம்பன்றியின் அகலம்

ஒரு முள்ளம்பன்றிக்குப் புது வளை தேவைப்பட்டது. அதற்குத் தோண்டத் தெரியாமல் இல்லை; நகம் தேய்வதுதான் பிடிக்கவில்லை. அதனால் வாய்க்காலுக்கு அக்கரையில் இருந்த பெருச்சாளியிடம் வேலையைக் கொடுத்தது.

"என் உடம்பை நல்லாப் பார்த்துக்க. இந்த அளவுக்கு வாசல் வை. சும்மா சும்மா வந்து கேள்வி கேட்டுக்கிட்டு நிக்காதே."

"சரிங்க," என்றது பெருச்சாளி.

வளை அழகாக வந்தது. முள்ளம்பன்றி உள்ளே போய் வெளியே வந்து பார்த்தது. ஒரு முள்கூட உரசவில்லை.

மறுநாள் நரி துரத்தியது. முள்ளம்பன்றி ஓடிவந்து வளைக்குள் பாய்ந்தது. தலை நுழைந்தது, உடம்பு நுழையவில்லை. விறைத்து நின்ற முட்கள் வாசலில் மாட்டிக்கொண்டன. நல்லவேளை, நெருங்கிவந்த நரி மூக்கில் முள் குத்தி ஊளையிட்டபடி ஓடிப்போனது.

முட்கள் படிந்ததும் வெளியே வந்த முள்ளம்பன்றி, பெருச்சாளியைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்திக் கத்தியது. "என்ன லட்சணத்துல தோண்டியிருக்கே?"

"நீங்க காட்டின அளவுக்குத்தாங்க தோண்டினேன்."

"உனக்கு ஒரு சந்தேகம்கூட வரலையா?"

"வந்துச்சுங்க. கேட்காதேன்னு சொல்லிட்டீங்களே."

முள்ளம்பன்றி வாசலில் சிக்கியிருந்த தன் முள் ஒன்றைப் பிடுங்கிப் போட்டது. பிறகு, "சரி, இப்பக் கேளு," என்றது.

"பயந்தா நீங்க எவ்வளவு அகலம் ஆவீங்க?"

முள்ளம்பன்றி யோசித்தது. பயந்து ஓடும்போது அது ஒருநாளும் தன்னைத் திரும்பிப் பார்த்ததில்லை.

"எனக்கே தெரியலையே," என்றது. பெருச்சாளிக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டது. "நீயே என்னைப் பயமுறுத்தி அளந்து பாரு."