வைக்கவா, போடவா?

"வைக்கவா, போடவா? சட்டுனு சொல்லுங்க."

அந்த அம்மாள் கைப்பிடி உடைந்த குடையைத் தூக்கிக் காட்டினார். எலெக்ட்ரீஷியன் பாய்ந்து அதன் மறுமுனையைப் பிடித்தார்.

"கம்பி நல்லா இருக்கு மேடம். எதுக்காவது உதவும்."

"இதையேதான் ஓட்டை டேபிள் ஃபேனுக்கும் சொன்னீங்க. உதவுச்சா?"

குடை சாக்குக்குள் போனது.

எலெக்ட்ரீஷியனின் பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான். "குழந்தையைக் கீழே விட இடமில்லாத வீட்டுக்கு எப்படிப்பா வர்றது?" என்று மகள் கேட்டதிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. அவள் ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் கூடத்தில் தரை தெரிந்தாக வேண்டும். இந்த முறை பின்வாங்குவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு மனநல டாக்டரிடம் போனார். "தனியா முடியாது, ஒருத்தரை அனுப்புறேன்" என்றார் டாக்டர். அப்படி வந்தவர்தான் இந்த அம்மாள்.

லேசுப்பட்ட ஆள் இல்லை. அட்டைப்பெட்டி, ஒயர்த் துண்டு, காலி டப்பா என்று கை பட்டதெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் சாக்குக்குள் போயிற்று.

"எப்படி மேடம் இவ்வளவு சுலபமா முடிவெடுக்குறீங்க? எனக்கு ஒரு மூடியைப் போடணும்னாகூட உயிரே போகுது."

"என்னுது இல்லையே, அதான். தன்னோட பொருளைப் போடச் சொன்னா மூளை வலியில கத்துமாம். அடுத்தவங்க பொருளுக்கு வாயே திறக்காதாம். டாக்டர் சொன்னார்."

"சொல்லிடலாம். என் அவஸ்தை உங்களுக்கு எங்க புரியப்போகுது?"

அந்த அம்மாள் அடுத்த பெட்டியைத் திறந்தார்.

சாயங்காலத்துக்குள் தரை தெரிந்தது. அது என்ன நிறம் என்பதே எலெக்ட்ரீஷியனுக்கு மறந்துபோயிருந்தது. சந்தோஷத்தில் கண் கலங்கியது. ஆனாலும் மனசு கேட்கவில்லை, சாக்கைக் கிளறிக் குடையை எடுத்து நீட்டினார்.

"நீங்களாவது வச்சுக்கங்க மேடம்."

அந்த அம்மாள் சட்டென்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கு மட்டும் எதையும் குடுத்துடாதீங்க."

எலெக்ட்ரீஷியன் தானே குடையைச் சாக்கில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டினார்.

"இவ்வளவு செஞ்சிருக்கீங்க. பதிலுக்கு நான் என்ன செய்யட்டும்?"

அந்த அம்மாள் கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் பிடித்த பிறகும் அந்த அம்மாள் சாவியை விடவில்லை.

"நாளைக்கு என் வீட்டுக்கு வாங்கண்ணே. கதவு பாதிதான் திறக்கும், ஒருக்களிச்சுத்தான் நுழையணும். நான் எவ்வளவு அழுதாலும் காதுல வாங்காதீங்க."