கட்டாயக் கணக்கு

“கணக்கு வேண்டாம்கிறவங்க கை தூக்குங்க” என்றார் முதல்வர்.

ஏழு கைகள் எழுந்தன. கணக்கு மேடம் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார்.

நாடகம் படிக்க வந்தாலும் சரி, விலங்கியல் படிக்க வந்தாலும் சரி, கணக்கு, தத்துவம், அறிவியல், இன்னொரு மொழி என்று நான்கு பொதுப்பாடங்களில் தேறினால்தான் அந்தக் கல்லூரியில் பட்டம். அதிலிருந்து கணக்கை இந்த வருடமே எடுத்துவிடலாமா என்றுதான் வாக்கெடுப்பு.

கணக்குக்குப் பயந்து பிள்ளைகள் வேறு கல்லூரிக்கு ஓடுகிறார்களாம். எத்தனை பேர் ஓடினார்கள் என்று எண்ணவாவது கணக்கு வேண்டாமா என்று மேடம் கேட்டதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

“வேணும்கிறவங்க?”

மேடத்தின் கை முதலில் எழுந்தது. தூக்கம் கலைந்த வரலாற்றுப் பேராசிரியர், பக்கத்தில் எழுந்த கையைப் பார்த்துத் தானும் தூக்கினார். அவரையும் சேர்த்து இந்தப் பக்கமும் ஏழு.

சமமாக வந்தால் மாணவர் பிரதிநிதி சொல்வதுதான் முடிவு. அது அங்கே வழக்கம்.

பிரதிநிதி, நாடகத் துறையில் கடைசி வருடம் படிக்கும் பெண். மேடத்துக்கு அவளை நன்றாகத் தெரியும். அதனாலேயே நம்பிக்கை விட்டுப்போயிற்று. இருபத்திரண்டு வருடம் கட்டிக் காத்த வகுப்பு இன்றோடு சரி.

அவள் எழுந்தாள்.

“இருக்கட்டும் சார். கணக்கு இருக்கட்டும்.”

முதல்வர் தன் முன்னால் இருந்த தாளைப் புரட்டினார்.

“யோசிச்சுச் சொல்லும்மா. உனக்கு அந்த ஒரு பாடம்தானே பாக்கி? அதை எடுத்துட்டா இந்த மாசமே பட்டம்.”

“மூணு தடவை ஃபெயிலானவளுக்கு அது தெரியாதா சார்? போன தடவை ஒரு கணக்கை யார்கிட்டயும் கேக்காம நானே போட்டேன். அன்னைக்குப் பூரா எனக்குக் கால் தரையில நிக்கல. எனக்கப்புறம் வர்றவங்களுக்கும் அது கிடைக்கட்டும்.”

மூன்று தடவையும் அவளை ஃபெயிலாக்கியது மேடம்தான். கடைசித் தடவை இரண்டே மதிப்பெண் குறைவு. அவள் வந்து கெஞ்சவில்லை. அவரும் போடவில்லை.

மேடத்துக்குப் பெருமை தாங்கவில்லை. தான் பெற்ற பிள்ளைகள் முதல் வகுப்பில் தேறியபோதுகூட இப்படி இருந்ததில்லை.

வெளியே வந்ததும் அவள் ஓடி வந்து கேட்டாள்.

“மேடம், அடுத்த வகுப்பு எப்போ?”

கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

“திங்கக்கிழமை எட்டு மணி” என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு. “லேட்டா வந்தா கதவைச் சாத்திடுவேன்.”