குமட்டலில் முக்கால் பங்கு

கீமோ ஏற்றிய மறுநாள் காலை தவசிக்கண்ணு மூன்று இட்லிகளை முடித்துவிட்டு நாலாவதுக்குக் கை நீட்டினார். ஆஸ்பத்திரியில் எல்லோர் கையிலும் கட்டிவிட்ட பட்டை, அவருக்கு வரவேண்டிய குமட்டலை வீட்டாருக்குப் பங்குபோட்டுக் கொடுத்திருந்தது. மனைவி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தாள். மகள் செண்பகம் சோபாவில் சுருண்டு கிடந்தாள். குளியலறையிலோ மருமகன் அருளப்பன் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தியெடுத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குச் சொல்லாமல் மகளைக் கட்டிக்கொண்டவன் என்று இரண்டு வருஷமாக அவர் முகம்கொடுத்துப் பேசாதவன்.

“அவனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு?”

“முக்காவாசி எனக்கே குடுங்கன்னு அவரே கேட்டு வாங்கிக்கிட்டாருப்பா,” என்றாள் செண்பகம்.

தவசிக்கண்ணு எழுந்துபோய் ரசத்துக்குப் புளி கரைத்தார். கரைத்த கையோடு குளியலறைக் கதவைத் தட்டினார்.

“மாப்ளே, மிளகு கொஞ்சம் தூக்கலாப் போடவா?”

உள்ளே வாந்தி சட்டென்று நின்றுவிட்டது.