கண் பட்ட கிளாரினெட்

மாகறல் கல்யாண ஊர்வலத்துக்குச் சேர்ந்து போகலாமென்று வந்த கோபாலை, வாசலிலேயே மறித்துக்கொண்டான் வசந்த்குமார்.

"இன்னாத்துக்கு வந்த? புது கிளாரினெட்டு வெடிச்சிச்சு. இப்ப மனசு குளுந்துச்சா?"

வாங்கிப் பத்து நாள்கூட ஆகாத கருமரக் கிளாரினெட். மேல்துண்டில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது.

"அதுக்கு நான் இன்னா பண்ணேன்?"

"வாங்கினு வந்த அன்னிக்கே 'கண்ணாடி மாதிரி மின்னுதே'ன்னு கண்ணு வெச்சியே, மறந்துட்டியா? இனிமே நீ கீற பேண்டு செட்டுல நான் இல்ல. மாஸ்டர்கிட்டயும் சொல்லிட்டேன். உன்ன நிறுத்திடறேன்னாரு."

இருபது வருஷமாகக் கோபால் வாசித்த செட் அது. யாருக்குத்தான் பொறுக்கும், சொல்லுங்கள்.

"என் கண்ணுக்கு அவ்ளோ பவர் இருந்தா, நீ வாசிக்கறதப் பாத்த அன்னிக்கே உன்னத்தான்டா பொளந்திருக்கும். குடு இப்டி."

பிடுங்கி, விரிசலைப் பார்க்க முகத்தருகே கொண்டுபோனவர் மூக்கைச் சுளித்தார்.

"இன்னாடா இது, சாம்பிராணி வாசனை அடிக்கிது?"

உள்ளேயிருந்து வந்த வசந்த்குமாரின் மனைவி சசிரேகாதான் பதில் சொன்னாள்.

"தெனம் சாயங்காலம் தணலு மேலயே கால் மணி நேரம் புடிச்சிக்கினு பொகை காட்டுனாருண்ணா. மரம் சூட்டுல பொளந்துக்கும்னு தலைதலையா அடிச்சிக்கினேன், கேட்டாத்தானே."

"எதுக்கும்மா அப்டி?"

அவள் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள்.

"உங்க கண்ணு படக்கூடாதுன்னுதாண்ணா."